ஆளோலை சொல்லும் சரித்திரம்

(வண்ணார்பேட்டையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சுலோசன முதலியார் பாலம். அது திறக்கப்பட்டது 1843-ம் ஆண்டில். பணம் கொடுத்துக் கட்டியவர் பெயர் ஊர் முழுக்கத் தெரியும். அதே 1843-ல் கும்பினி சர்க்கார் இன்னொரு காரியமும் செய்தது. ஐந்தாவது சட்டம் என்று ஒரு சட்டம் போட்டது. அடிமைகளைப் பற்றிய சட்டம் அது. பாலத்தை அறிந்த அளவுக்கு அந்தச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அடிமை முறை என்றால் அமெரிக்காவில்தான் இருந்தது, பருத்தித் தோட்டத்தில்தான் இருந்தது, நம் நாட்டில் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அந்த அமெரிக்காவிலிருந்தே தொடங்குவோம்.

அங்கே 1850-லும் 1860-லும் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் எஜமானன் பெயர் இருக்கும். அதன் கீழே அடிமையின் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பது இருக்கும். பெயர் இருக்காது. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களின் பெயர்கள் 1870 கணக்கில்தான் முதன்முதலாக ஏறின. ஆகவே இன்று ஒரு நீக்ரோ வம்சத்துப் பெண்மணி தன் பாட்டியின் பாட்டியைத் தேடினால், 1870-ல் ஒரு சுவர் வந்து வழிமறிக்கிறது.

அந்தச் சுவரை அவர்கள் எப்படித் தாண்டுகிறார்கள்? எஜமானன் குடும்பத்தைப் பின்தொடர்ந்து போகிறார்கள்! தோட்ட முதலாளி செத்தால் கோர்ட்டு அவன் சொத்துக்குப் பட்டியல் போடச் சொல்லும். குதிரை இத்தனை, பசு இத்தனை, கட்டில், அண்டா, கலப்பை என்று எழுதுவார்கள். அதே பட்டியலில் மனிதர்களையும் எழுதுவார்கள். பெயர் போட்டு, பக்கத்தில் விலையும் போடுவார்கள். பாகம் பிரிக்கும்போது தாய் ஒரு மகனுக்கு, அவள் பிள்ளை இன்னொரு மகனுக்கு என்று போவதும் உண்டு. சொத்தைக் காப்பாற்ற எழுதிய கணக்கு அது. எழுதியவர்கள் நினைத்தும் பாராத விதத்தில் அது இன்று அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்குச் சாட்சியாக நிற்கிறது.

இனி நம் பொருநைக் கரைக்கு வருவோம்.

இங்கே அந்தக் கோர்ட்டுப் பட்டியலின் இடத்தில் இருந்தது ஓலை. ‘ஆளோலை’ என்ற சொல் நமக்குப் புதியதல்ல. பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணத்தன்று ஒரு கிழவர் வருகிறார். “உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை” என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையார் கூடி, பாட்டன் எழுதிய வேறொரு ஓலையோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தர்கள் அதைப் பக்தியோடு படிக்கட்டும். நாம் வழக்கை மட்டும் கவனிப்போம். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. கட்டும் என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம்!

இது கதையோடு நிற்கவில்லை. சோழ நாட்டுத் திருப்பாம்புரத்தில் 1201-ம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. நம் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தது 1658-ல். 1673 முதல் 1677 வரை மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதாக ஆராய்ச்சியாளர்கள் டச்சுக் கணக்குகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளை எடுத்துக்கொள்வோம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை படியெடுத்தவை அவை. பின்னால் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலக் கணக்கும் நீர்க் கணக்கும் உள்ள அந்தக் கட்டிலே மனிதனை விற்ற ஓலைகளும் கிடக்கின்றன. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூலில் இத்தகைய சான்றுகளைத் திரட்டித் தந்திருக்கிறார். மாடு விற்ற ஓலைக்கும் ஆள் விற்ற ஓலைக்கும் நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. விற்றவன், வாங்கியவன், விலை, சாட்சி, எழுதியவன் என்று எல்லாம் முறைப்படி இருக்கும்.

அப்படியானால் 1843-ம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது? வரி பாக்கிக்காகவோ கோர்ட்டுத் தீர்ப்புக்காகவோ எந்த அதிகாரியும் மனிதனை ஏலம் போடக்கூடாது என்றது. ‘இவன் என் அடிமை’ என்று வருகிற வழக்கை எந்தக் கோர்ட்டும் ஏற்கக்கூடாது என்றது. அடிமை தேடிய சொத்தை அவன் அடிமை என்பதற்காகப் பறிக்கக்கூடாது என்றது. நல்லதுதான். ஆனால், சொத்தே இல்லாதவனுக்கு அந்த மூன்றாவது பிரிவால் என்ன லாபம்? அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 1862-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான். நாஞ்சில் நாட்டை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855-ல் விளம்பரம் போட்டு ஒழித்தார்கள்.

பிரிட்டன் தன் மற்றக் காலனிகளில் அடிமைகளை விடுவிக்க 1833-ல் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? முதுகு ஒடிய உழைத்தவனுக்கா? இல்லை, உடையவனுக்கு! கும்பினி ஆண்ட நம் நாட்டை அந்தச் சட்டத்திலிருந்தே ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து இங்கே சட்டம் வந்தபோதும் உழுதவனுக்கு ஒரு குழி நிலம் சேரவில்லை. ஆளோலை செல்லாமல் போனது. கடன் சீட்டு செல்லுபடியானது. பண்ணையாள் என்றும் படியாள் என்றும் பெயர் மாறியது. கடனுக்காக ஆளைக் கட்டி வைக்கும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லும் நாம் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், பழைய ஓலை எவ்வளவு காலம் உயிரோடிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! இதையெல்லாம் இன்று ஏன் பேசுகிறோம்? சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதை உ.வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதி வைத்தார். இலக்கிய ஏட்டுக்கே அந்தக் கதி என்றால் கணக்கு ஓலைக்குக் கேட்க வேண்டுமா? கரையானுக்குப் போனது கொஞ்சம், ஆற்றோடு போனது கொஞ்சம். மிச்சத்தைக் குடும்ப கௌரவத்துக்குப் பயந்து பரணில் மறைக்கிறார்கள்.

மறைக்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்களைக் கூண்டில் நிறுத்த நாங்கள் வரவில்லை. உங்கள் பாட்டன் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால், அதை எரித்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறோம்: விலைபோனது அவமானமல்ல. மனிதனுக்கு விலை எழுதியதுதான் அவமானம்.

வேலை என்ன? ஓலைக்கட்டு கண்ணில் பட்டால் காப்பாற்றுங்கள். விற்ற ஓலை ஒன்றோடு நிற்காதீர்கள். அதே வீட்டு ஒற்றி ஓலை, சீதன ஓலை, பாகப்பிரிவினை ஓலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒன்றில் வரும் பெயர் இன்னொன்றிலும் வரலாம். கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பழைய எழுத்தும் பின்ன எண்களும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கூட உட்கார்ந்து படியெடுங்கள். மூலத்தைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற பத்திரமான இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வயல்காட்டுத் தெருக்களில் இருக்கும் முதியவர்களிடம் நான்கு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.

படியெடுக்கும்போது விற்றவன் பட்டத்தையும் வாங்கியவன் பட்டத்தையும் பிறகு எழுதிக்கொள்ளலாம். விற்கப்பட்டவரின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் நஞ்சையை நஞ்சையாக்கியவர்கள் அவர்கள். நிலத்தின் சரித்திரம் அவர்கள் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.