காட்சியில் 200, உள்ளே எவ்வளவு?

(தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழுதறிதலைச் செய்முறை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்று பேசச் சொன்னார்கள். பொதுப்படையாகப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் ஒரே ஓர் அடுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஜன்னல் கம்பி, சைக்கிள் சட்டம், வகுப்பறை மேசையின் கால் என்று பலவற்றிலும் இன்று பவுடர் கோட்டிங் பார்க்கிறோம். மின்னூட்டம் பெற்ற பொடியை உலோகத்தின் மேல் தெளித்து அடுப்பில் வைக்கிறார்கள். பொடி உருகிப் பரவி, வேதிவினை நடந்து இறுகுகிறது. வழக்கமான எபாக்ஸி-பாலியெஸ்டர் பொடிக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 10 நிமிடம் வேண்டும். குறைந்தால் பூச்சு உரிந்து வரும். கூடினால் வெள்ளை மஞ்சளாகும், பூச்சு நொறுங்கும்.

கோவைப் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பழைய இரும்பு பீரோவுக்குள் ராக்வூல் அடைத்து, ஹீட்டர் பொருத்தி, சொந்தமாக இப்படி ஓர் அடுப்பு செய்திருந்தார். கன்ட்ரோலர் பழுதாகிப் புதிது மாற்றினார். அதன் பிறகு வெள்ளைக் கம்பிகள் எல்லாம் பழுப்பேறி வந்தன. காட்சியில் 200 அசையாமல் நிற்கிறது. பொடிதான் மட்டம் என்று கடையை மாற்றினார், பயனில்லை. எஸ்.எஸ்.ஆர். மாற்றினார், அதுவும் பயனில்லை. வாடிக்கையாளர் இரண்டு வீட்டு ஜன்னல்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடன் வாங்கிப் போட்ட பட்டறை அது. "சார், ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். அடிப்படை மின் பொறியியல் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. "இந்த 200ஐ யார் சொல்வது? அவர் சொல்வதை எப்படி நம்புவது?" என்று மட்டும் கேட்டேன்.

சொல்வது தெர்மோகப்பிள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் சீபெக் விளைவு என்று நடத்துகிறோமே, அதுதான். இரண்டு உலோகக் கம்பிகளின் சந்திப்பு சூடானால் மைக்ரோவோல்ட் அளவில் மின்னழுத்தம் பிறக்கும். அது இரண்டு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைத்தான் சொல்லும். கன்ட்ரோலர் தன் இணைப்பு முனையின் வெப்பநிலையைத் தானே அளந்து அதோடு கூட்டிக்கொள்கிறது.

ஹீட்டரின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கன்ட்ரோலருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, தெர்மோகப்பிளை அடுப்பிலிருந்து வெளியே எடுத்தோம். அறைக்காற்றில் 30 காட்டியது. சுவரில் இருந்த வெப்பமானியும் 30. "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு பையன் கருவியை மடித்து வைக்கப் போனான். பெரும்பாலோர் நிறுத்தும் இடம் இதுதான். ஒரு மாணவி டீக்கடையிலிருந்து கொதிக்கும் வெந்நீரும் ஐஸும் வாங்கி வந்தாள். வெந்நீரை ஸ்டவ்வில் வைத்துக் கொதிக்கவிட்டு முனையை முக்கினால் 83. உருகும் ஐஸில் 7. கோவையின் உயரத்துக்குத் தண்ணீர் 99 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்க வேண்டும். (உதகையில் இதைச் செய்பவர்கள் நூறைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக எதிர்பாருங்கள்.)

அறை வெப்பநிலையில் சரி, சூட்டில் குறைவு, குளிரில் கூடுதல். மூன்று புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்தார்கள். கோடு 30இல் சரியான கோட்டை வெட்டுகிறது. சாய்வு மட்டும் குறைவு. கம்பி அறுந்திருந்தால் இப்படி வராது. முனைகள் இடம் மாறியிருந்தால் சூட்டில் எண் இறங்கியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்றால், கன்ட்ரோலர் வேறு அளவுகோலால் வகுக்கிறது என்று பொருள்.

அடுப்பில் இருந்தது கே வகை. டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தருவது. புதிய கன்ட்ரோலர் ஜே வகைக்கு அமைக்கப்பட்டிருந்தது. ஜே வகைக்கு இந்தப் பகுதியில் டிகிரிக்குச் சுமார் 53. கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள்: 69 டிகிரி வேறுபாட்டை 41ஆல் பெருக்கி 53ஆல் வகுத்தால் 53, முப்பதைக் கூட்டினால் 83. இதன்படி காட்சியில் 200 என்றால் அடுப்புக்குள் 250ஐத் தாண்டியிருக்கும். அமைப்பில் ஜே என்பதைக் கே என்று மாற்றினோம். செலவு டீக்கடைக் கணக்கு மட்டும்.

எல்லா அடுப்பிலும் இதே பழுது இருக்காது. அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் எஸ்.எஸ்.ஆர். உள்ளே ஒட்டிப் போயிருக்கலாம். அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விடாமல் செலுத்தும் நிலையில்தான் கெடும். ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் அதிலேயே வெப்பம் உண்டாவதால், வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு இல்லாமல் போட்டால் சீக்கிரம் போய்விடும். 200ஐ எட்டவே மறுத்தால் ஹீட்டர்களைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கான இரண்டு 2000 வாட் ஹீட்டர்களைப் பக்க இணைப்புக்குப் பதில் தொடரிணைப்பில் கொடுத்தால் 4000 வாட்டுக்குப் பதிலாக மொத்தம் 1000 வாட்தான். மின்னழுத்தம் 230இலிருந்து 200 ஆனாலே கால் பங்கு திறன் போய்விடும். பத்தாம் வகுப்புச் சூத்திரம்தான்.

அன்று மாலை இன்னொன்றும் தெரிந்தது. மெல்லிய கம்பிகள் வெள்ளையாக வந்தன. கனமான கேட் சட்டத்தில் பூச்சு நகத்தால் சுரண்டவே உரிந்தது. கன்ட்ரோலர் காற்றை அளக்கிறது. பத்து நிமிடக் கணக்கோ உலோகம் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். இரண்டாவது தெர்மோகப்பிளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, ஒரு பிள்ளை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதினாள். கனத்துக்கு ஏற்ற நேர அட்டவணை ஒன்று இப்போது அந்தப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

நம் பதிவேடுகளில் விடை தெரிந்த சோதனைகளையே எழுத வைக்கிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. வகைத் தேர்வை நீங்களே மாற்றி வைத்துவிட்டு, ஐஸும் வெந்நீரும் கொடுத்துப் பாருங்கள். ஒரு பாடவேளை போதும். அடுப்பே தேவையில்லை. கன்ட்ரோலரின் 230 வோல்ட் முனைகளை மட்டும் மூடிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அடுப்பு செய்யும் பள்ளியாக இருந்தால், கன்ட்ரோலரை நம்பாமல் தனியாக மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிவெப்பத் துண்டிப்பான் ஒன்று கன்டாக்டரோடு கட்டாயம் இருக்கட்டும். நில இணைப்பைச் சோதியுங்கள். காற்றில் மிதக்கும் பொடி தீப்பற்றி வெடிக்கக்கூடியது. தெளிக்கும் இடம் அடுப்பிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். அந்த அடுப்பில் உணவு எதையும் ஒருபோதும் சூடாக்க வேண்டாம். இதைச் சொல்வானேன் என்று நினைக்காதீர்கள். மதியம் பசிக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.