இரண்டாவது குண்டுக்கு யார் கையெழுத்திட்டார்?



இந்தப் பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ அவர் கணக்கு ஆசிரியர். தப்பான விடையோடு போய் நின்றால், "முதலில் கேள்வியைப் படித்தாயா?" என்பார். 1945-இல் ஜப்பான் மீது அணுகுண்டு போட்டுப் போரை முடித்தது சரியா என்ற விவாதத்தையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆதரிப்போர் கையில் ஓர் எண் இருக்கும்: பத்து லட்சம். அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதியது. ஜப்பான் மீது படையெடுத்துப் போயிருந்தால் அமெரிக்கப் படைக்கு மட்டும் அவ்வளவு சேதம் என்றார். அதில் காயம்பட்டவர்களும் அடக்கம். மேடைக்கு மேடை போகப் போக எல்லோரும் செத்தவர்களாகிவிட்டார்கள்! 1945 ஜூனில் ராணுவத் திட்டக்குழு போட்ட மதிப்பீடு ஒன்றில் சாவு சுமார் 40,000. அதுவும் சின்ன எண் அல்லதான். ஒகினாவாத் தீவில் நடந்த கடும் போரைப் பார்த்தவர்களின் அச்சத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

என் சிக்கல் வேறு. 'குண்டு போடும் முடிவு' என்று ஒருமையில் பேசுகிறோம். குண்டு போடச் சொன்ன, ஜூலை 25 தேதியிட்ட உத்தரவைப் பாருங்கள். ஹிரோஷிமா, கொகுரா, நீகாதா, நாகசாகி என்று நான்கு ஊர்கள். ஆகஸ்ட் 3 வாக்கில் வானம் தெளிந்ததும் முதல் குண்டு. மற்றவை தயாராகத் தயாராக. சரணடையச் சொன்ன பாட்ஸ்டாம் அறிக்கை வந்ததே மறுநாள்தான்.

முதல் குண்டு ஹிரோஷிமாவில் விழுந்த பிறகு, இரண்டாவது குண்டுக்கென்று யாரும் தனியாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆகஸ்ட் 11-க்கு வைத்திருந்ததை, வானிலை கெடும் என்று 9-க்கு முன்தள்ளினார்கள். அன்று விமானம் போனது கொகுராவுக்கு. மூன்று முறை வட்டமிட்டும் புகைமூட்டத்தில் குறி தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது, நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கே குண்டு வெடித்தபோது மணி 11.02.

அதே காலை டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு கூடியிருந்தது. சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்திருந்தது. சரணடைய, பேரரசர் பதவி நிலைத்தால் போதும் என்றார்கள் மூவர். ஆக்கிரமிப்பு கூடாது, ஆயுதத்தை நாங்களே களைவோம், விசாரணையும் நாங்களே நடத்துவோம் என்றும் சேர்த்துக் கேட்டார்கள் மற்ற மூவர். கூட்டத்தின் நடுவே நாகசாகிச் செய்தி வந்தது. அதன் பிறகும் மூன்றுக்கு மூன்றுதான். முடிச்சை அவிழ்க்கப் பேரரசரே பேச வேண்டியிருந்தது. அவரை அசைத்தது ஹிரோஷிமாவா, ஸ்டாலினா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கட்சி. ஆனால் நாகசாகி எதை நகர்த்தியது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 10 அன்று, அடுத்த குண்டு 17, 18 தேதிக்குப் பின் தயார் என்று அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸ் ஒரு குறிப்பு அனுப்பினார். ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதியின்றி அதை ஜப்பான் மீது போடக்கூடாது என்று அந்தத் தாளின் அடியிலேயே கையால் எழுதினார் அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் மார்ஷல். நாகசாகி எரிந்த மறுநாள் அது.