தடுக்கக்கூடிய பார்வையின்மை

பார்வையின்மை ஊழ்வினையின் பயன் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இந்தியாவில் 50 வயதைக் கடந்து பார்வை இழந்தோரில் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல், அவ்விழப்பு தடுத்திருக்கக்கூடியது அல்லது சிகிச்சையால் மீட்கக்கூடியது என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை.

எண்களும் அளவுகோலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1971-74இல் நடத்திய ஆய்வு, மக்கள் தொகையில் 1.38 விழுக்காட்டினர் பார்வையற்றோர் எனக் கண்டது. இதனையொட்டி 1976இல், முழுவதும் மத்திய அரசின் நிதியுதவியுடன் தேசியப் பார்வையின்மைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. 0.3 விழுக்காடு என்பது அதன் இலக்கு. எனினும் 1986-89 ஆய்வில் அவ்விகிதம் 1.49 ஆக இருந்தது. பின்னர் 2001-02இல் 1.1 ஆகவும், 2006-07இல் 1.0 ஆகவும், 2015-19இல் 0.36 ஆகவும் குறைந்தது.

இவ்விடத்தில் மாணவர்களும் அலுவலர்களும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முன்பு, நற்பார்வையுடையோர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண இயலும் என்ற நிலைக்கும் கீழ்ப்பட்டவர் பார்வையற்றவராகக் கருதப்பட்டார். 2017இல் அந்த 6 மீட்டர் எல்லை, உலக அளவையொட்டி 3 மீட்டராக மாற்றப்பட்டது. ஆகவே வீழ்ச்சியின் ஒரு பகுதி அளவுகோலின் மாற்றத்தால் நேர்ந்தது. ஒரே அளவுகோலால் ஒப்பிட்டாலும் 2006-07இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதி குறைந்துள்ளது. சாதனை மெய்யானதே, ஆயினும் அது எண்கள் தோற்றுவிக்கும் அளவுக்குப் பெரிதன்று.

காரணங்கள்

முதியோரின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம். கண்ணின் இயற்கை வில்லை மங்குவதே கண்புரை. அதனை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவை சில நிமிடங்களில் முடிவது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் இச்சிகிச்சையைப் பெருமளவில் தரலாம் என்று மெய்ப்பித்தது. அதன் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் உள்விழி வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரித்து வருகிறது.

ஐம்பது வயதுக்கு உட்பட்டோரிடம் நிலைமை வேறு. அவர்களிடையே கருவிழி வெண்மையடைதலே தலையாய காரணம். அதன் பங்கு 37.5 விழுக்காடு. வயல் வேலையில் கண்ணில் படும் காயம், கிருமித் தொற்று, தட்டம்மை, 'ஏ' வைட்டமின் பற்றாக்குறை ஆகியன இதற்கு வழிகோலுகின்றன. கண்ணில் பச்சிலைச் சாறு பிழியும் வழக்கமும் தீங்கையே பெருக்குகிறது. கருவிழிக்கு மாற்றுண்டு, ஆனால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்கள் தானமாகப் பெறப்படவேண்டும்.

ஒரு காலத்தில் பலரின் பார்வையைப் பறித்த டிரக்கோமா நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா ஒழித்துவிட்டதாக 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறுபுறம், கண் நீர் அழுத்த நோயும் நீரிழிவால் விளையும் விழித்திரைச் சிதைவும் ஓசையின்றிப் பரவுகின்றன. இவற்றால் இழந்த பார்வை மீளாது. முன்கூட்டிய பரிசோதனையே காப்பு.

எஞ்சியுள்ளோர் யார்?

முதியோரில் ஆண்களிடையே 1.67 விழுக்காடாக உள்ள பார்வையின்மை, பெண்களிடையே 2.31 ஆக உள்ளது. எழுத்தறிவற்றோரிடையே 3.23, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் பயின்றோரிடையே 0.43 மட்டுமே. கண்புரை இவ்வேறுபாடுகளைப் பார்த்து வருவதில்லை. சிகிச்சைதான் இவர்களைச் சமமாகச் சென்றடையவில்லை. கிராமத்து மூதாட்டிக்கு அறுவை இலவசமாயினும், பேருந்துச் செலவும், துணைக்கு வருவோர் இழக்கும் ஒருநாள் கூலியும் தடையாகின்றன. 'இந்த வயதில் பார்வை எதற்கு?' என்று வீட்டார் எண்ணுவதும், அவளே எண்ணுவதும் அவற்றினும் பெரிய தடை.

அறுவையின் பின்விளைவுகளும் முதியோர் பார்வையின்மையில் சுமார் 7 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. எனவே எத்தனை அறுவைகள் நடந்தன என்பதோடு, எத்தனை பேர் நன்கு காண்கின்றனர் என்பதும் மாவட்டந்தோறும் கணக்கிடப்படவேண்டும்.

0.36 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். நாட்டின் மக்கள் தொகையில் அது அரைக் கோடியை நெருங்கும். இலக்குக்கு எஞ்சியுள்ள தொலைவு குறைவே. ஆயினும் மருத்துவமனையை நாடி வர இயலாதோர் வாழ்வது அத்தொலைவில்தான். அவர்களது வாயிலுக்குத் திட்டம் செல்வதே இனி ஆற்றவேண்டிய பணியாகும்.