உறங்கும் எரிமலைகள்

அந்தமான் கடலில், போர்ட் பிளேர் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு இருக்கிறது. இந்திய மண்ணில் இன்றும் நெருப்பைக் கக்கும் எரிமலை அது ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கிய அம்மலை, 150 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, 1991-ஆம் ஆண்டில் விழித்துக்கொண்டது. அதன் பின்னர்ப் பலமுறை பொங்கியிருக்கிறது, இனியும் பொங்கக்கூடும். ஆயினும் அதைக் கண்டு ஊரைக் காலி செய்வோர் இல்லை; அங்கே ஊரே இல்லை.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே நிற்கும் வெசூவியஸின் நிலை வேறு. 1944-க்குப் பின் அது வெடிக்கவில்லை. ஆனால் அதன் அடிவாரத்தில் பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர். வெடிப்பதற்குரிய வாய்ப்பு ஒன்று. வெடித்தால் விளையக்கூடிய கேடு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து எடை போடுவதே அறிஞர்தம் பணி.

இதனை எங்ஙனம் செய்கின்றனர்? முதலில் மலையின் பழைய வரலாற்றை ஆராய்கின்றனர். சாம்பல் அடுக்குகளுக்கிடையே கரியாகிக் கிடக்கும் மரத்துண்டுகளின் வயதைக் கணித்து, முன்னர் எப்போது, எவ்வளவு வலிமையுடன் வெடித்தது என்று அறிகின்றனர். அடுத்து, அதன் இன்றைய நாடியைப் பார்க்கின்றனர். பாறைக்குழம்பு மேலெழும்போது நிலம் அதிரும். மலைச்சரிவு சிறிது புடைக்கும். கந்தக ஆவி மிகும். இக்குறிகளைக் கொண்டு நாளும் நாழிகையும் குறித்துவிட இயலாது. இன்ன காலத்துக்குள் வெடிப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே கூற இயலும்.

அவ்வளவேயாயினும் அது உயிர் காக்கும் அறிவு. பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கியது. 1991 ஏப்ரலில் நீராவி சீறிக் கிளம்பியதும் அறிஞர்கள் கருவிகளுடன் விரைந்தனர். மே மாதத்தில் இரண்டே வாரங்களில் கந்தக ஆவி பத்து மடங்கு பெருகியது. ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்து, பல்லாயிரவரை வெளியேற்றினர். ஜூன் 15-ஆம் நாள் மலை பெருவெடிப்பாக வெடித்தது. புயல் மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பலர் மாண்டனர். எனினும் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், கொலம்பியாவில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. நெவாடோ டெல் ரூயிஸ் மலையால் அபாயத்துக்குள்ளாகும் இடங்களைக் காட்டும் வரைபடம் 1985 அக்டோபரிலேயே ஆயத்தமாயிருந்தது. சேற்று வெள்ளம் பாயும் வழியில் ஆர்மெரோ நகர் இருப்பதை அது காட்டியது. நவம்பர் 13 இரவு மலை வெடித்தது. வெடிப்பு சிறிதே, ஆனால் உச்சியிலிருந்த பனிக்கட்டி உருகிச் சேற்று வெள்ளமாகப் பெருகியது. அது நகரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அத்துணை அவகாசம் இருந்தும் நகர் காலியாகவில்லை. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர்.

எச்சரிக்கை பொய்ப்பதும் உண்டு. 1976-இல் குவாதலூப் தீவில் 70,000-க்கு மேற்பட்டோர் மாதக்கணக்கில் வீடு துறந்திருந்தனர். அஞ்சிய பெருவெடிப்பு வரவில்லை. அதனால் அறிவியலை நகைத்தல் தகாது. வானம் பொய்த்தாலும் குடையுடன் சென்றவன் இழப்பது சிறிதே. எனினும் வீட்டையும் வயலையும் விட்டுச் செல்வது குடை சுமப்பதைப் போல் எளிதன்று. ஆதலின், வாய்ப்பை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் எடுத்துரைப்பது அறிஞர் கடன். பெயர்ந்தோரை வாடாமல் காப்பது அரசின் கடன். அவ்விரண்டும் நிறைவேறினால், மக்கள் அடுத்த முறையும் செவிசாய்ப்பர்.