கேமராவுக்கு எந்தப் பை?

புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. தந்தையார் விட்டுச் சென்ற லென்ஸ் ஒன்றை அதன் தோலுறையோடு துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தோம். தூசி படாத இடம், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் என்று எங்களுக்குப் பெருமைகூட. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருநாள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள்! பூஞ்சணம் பிடித்திருந்தது. பழுதுபார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஆனால் பூஞ்சணம் சுரந்த அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகவில்லை.

கேமராவைச் சுமப்பதற்குத்தான் பை. வைத்திருப்பதற்கு வேறு இடம் வேண்டும். இதை மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டோம். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்; விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். பையின் மெத்தைத் தடுப்புகள் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலுறையோ பூஞ்சணத்துக்கு உணவாகவே ஆகிவிடும். இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

எனவே வீடு திரும்பியதும் பையைக் காலி செய்து, வாய் திறந்தபடி காற்றில் ஆறவிட வேண்டும். கேமராவையும் லென்ஸையும் மின்சார உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைப்பது நல்லது. அதற்கு வசதியில்லையா? சமையற்கடையில் கிடைக்கும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல்லும், ஈரம் காட்டும் சிறு மானியும் போட்டு வையுங்கள். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். அவற்றில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் சட்டியில் போட்டு வறுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். தவிடும் தூசியும்தான் உள்ளே போகும்.

இனி, சுமக்கும் பை. எங்கே போகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளோடு நடப்பவருக்கு முதுகுப்பை தொல்லை. லென்ஸ் மாற்ற அதைக் கீழே இறக்க இடமிராது. பின்னால் வருபவர் மேலும் இடிக்கும். அகலமான வாருள்ள சிறிய தோள்பைதான் அங்கே உதவும். மவுண்ட் ஃபேபரிலிருந்து ஹெண்டர்சன் அலைப்பாலம் வழியாகத் தெலுக் பிளாங்கா குன்றுக்கு நடப்பதென்றால் நிலைமை வேறு. 2008இல் திறக்கப்பட்ட அப்பாலம் சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு இரு தோள்களிலும் பாரம் பிரியும் முதுகுப்பையே சுகம். எந்தப் பையானாலும் மழையுறை கட்டாயம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையே எடுத்துச் சென்று, பையில் வைத்து, தோளில் மாட்டி நடந்து பாருங்கள். வெறும் பை எல்லாமே இலேசாகத்தான் இருக்கும்!

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை உடனே வெளியில் எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் நீராவி படிந்து பனித்துவிடும். மூடிய பையிலேயே கால்மணி, அரைமணி நேரம் இருந்து சூடேறட்டும்.

அந்தப் பழைய லென்ஸை நாங்கள் எறிந்துவிடவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் மங்குகிறது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் இன்றும் நன்றாகவே விழுகிறது.