பந்து விழும் இடத்தைக் காட்டுவோம்



ஆண்டு விழாதோறும் நம் பிள்ளைகள் ஆடவும் பாடவும் ஓடவும் கண்டு களிக்கிறோம். அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளும் நம் குடியிருப்பில் வளர்கின்றனர். அவர்களை வீட்டிலேயே இருத்திவிட்டு விழாவுக்கு வந்துவிடுகிறோம். "அதற்கு ஒன்றும் வராது" என்னும் சொல்லை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம்; சிலர் சொல்லியும் இருக்கிறோம். அச்சொல் மெய்தானா என்று இன்று எண்ணிப் பார்ப்போம்.

12, 13 வயதை எட்டிய இப்பிள்ளைகள் பந்தெறியவும் பொத்தான் மாட்டவும் கற்க வல்லவர்களே. காலம் சற்றுக் கூடுதலாக வேண்டும். பல வேளைகளில் தடை நாம் கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது.

"கையைத் தூக்கு, முழங்கையை மடக்கு, தோளைத் திருப்பு" என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். பலவற்றை ஒருசேர நினைவில் நிறுத்துவது அவர்களுக்கு அரிது. உறுப்பை எண்ணியெண்ணி அசைத்தால் அசைவும் இறுகிப் போகும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய சிறுவர்களை விதை நிரப்பிய சிறு பையை இலக்கை நோக்கி எறியச் செய்தனர். ஒரு சாரார் தம் கையின் அசைவைக் கவனித்தனர். மறு சாரார் பையின் அசைவைக் கவனித்தனர். பின்னர்ச் சோதித்தபோது, பையைக் கவனித்தவர்களே நன்கு கற்றிருந்தனர்.

ஆகவே, "பந்து அந்த வாளிக்குள் விழட்டும்" என்று மட்டும் சொல்வோம். முதலில் வாளியை 2 அடி தொலைவில் வைப்போம். தவறாது விழத் தொடங்கியபின் ஓரடி தள்ளுவோம். வெற்றியைச் சுவைத்த பிள்ளை மறுநாள் தானே பந்தைத் தேடும். சட்டையிலும் கடைசிப் பொத்தானை மட்டும் முதலில் அதனிடம் விடுவோம். வேலையை முடித்த பெருமை அதற்கே சேரும். "பார், எறி" என்று அதுவே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். எந்தப் பந்து வேண்டும் என்பதையும் அதுவே தேர்ந்துகொள்ளட்டும். வளர்ந்த பிள்ளையைக் கைக்குழந்தைபோல் கொஞ்சவும் வேண்டா. பிறர் முன் கடியவும் வேண்டா. மானம் அதற்கும் உண்டு.

1968இல் சிகாகோ நகரில் முதல் சிறப்பு ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது ஏறத்தாழ 1,000 பேர் களம் இறங்கினர். இன்று நம் நாட்டு வீரர்களும் அவ்வரிசையில் நிற்கின்றனர்.

அடுத்த ஆண்டு நம் விளையாட்டுப் போட்டிகளில் வாளிப்பந்தும் இடம்பெறட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று எறியட்டும். கதவைத் திறந்து அழைத்து வருவது நம் கடமை.