ஆய்வறிவு: கொடையா, உரிமையா?



முன்னையோர் கண்டதை அறிந்து, அதன்மேல் புதியதொன்றைக் கூட்டுவதே ஆய்வு. முன்னையோர் கண்டவை ஆய்விதழ்களில் உள்ளன. அவற்றின் சந்தாவோ வளரும் நாடுகளின் நூலகங்களுக்கு எட்டுவதாயில்லை. வாங்கிய நூல் நூலகத்தின் உடைமை, மின்னிதழ் அத்தகையதன்று. சந்தா நின்றால் பழைய இதழ்களும் பலவேளை கைவிட்டுப் போகின்றன.

இக்குறையைப் போக்க, உலகச் சுகாதார நிறுவனம் ஆறு பெரும் பதிப்பகங்களுடன் இணைந்து, 2002 சனவரியில் 'ஹினாரி' திட்டத்தைத் தொடங்கியது. தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 1,000 அமெரிக்க டாலருக்குக் குறைந்த பல நாடுகளின் நிறுவனங்கள் மருத்துவ இதழ்களைக் கட்டணமின்றிப் பெற்றன. 2003இல் வேளாண்மைத் துறைக்கு 'அகோரா' வந்தது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது.

எனினும், இந்தியாவின் வருமானம் அவ்வரம்புக்குக் கீழே இருந்தும் அந்நாடு சேர்க்கப்படவில்லை. அங்கே பதிப்பகங்களுக்குச் சந்தை இருந்தது. 2011 சனவரியில் வங்காளதேசத்திற்கு அளித்த வாய்ப்பைச் சில பதிப்பகங்கள் விலக்கிக்கொண்டன. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது மீண்டது. ஆராய்ச்சியோ பல்லாண்டுப் பணி. கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும் கொடையை நம்பி அதனைத் திட்டமிட இயலாது.

ஆகவே நிலையான வழிகள் வேண்டும். ஒன்று, கூட்டுப் பேரம். தனி நூலகத்தின் குரலுக்கு இல்லாத வலிமை நாடு முழுவதன் குரலுக்கு உண்டு. 2024 நவம்பரில் இந்திய அரசு 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள் பெறுவதற்கென மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆயினும் அந்நிறுவனங்களைச் சாராத தனி ஆய்வாளர்க்கு அதனால் பயனில்லை.

மற்றொன்று, திறந்த அணுகல். பிரேசில் நாட்டில் 1990களின் இறுதியில் தோன்றிய 'சியெலோ' இதற்குச் சான்று. பொதுநிதியின் துணையுடன் இலத்தீன் அமெரிக்க இதழ்களை அது எவரும் படிக்குமாறு வெளியிடுகிறது. ஆனால், திறந்த அணுகல் என்ற பெயரில் சில இதழ்கள் கட்டுரையாளரிடமே பெருங்கட்டணம் பெறுகின்றன. படிப்போர்க்குக் கதவைத் திறந்து, எழுதுவோர்க்கு அடைப்பது தீர்வாகாது.

இது மருத்துவர்க்கும் உழவியலார்க்கும் மட்டும் உரிய சிக்கலன்று. தமிழின் ஒலியமைப்பையும் தொடரமைப்பையும் பற்றிய கட்டுரைகள் பல மேலைநாட்டு இதழ்களில் வருகின்றன. சந்தா செலுத்த இயலாத தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கல்லூரி மாணவர், தம் தாய்மொழி பற்றிய ஆய்வையே படிக்க முடிவதில்லை. இந்நிலை மாற நாமும் ஒன்று செய்யலாம். இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் இறுதிப்படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் பொதுவில் வைக்கப் பதிப்பகங்கள் பல இசைகின்றன. காத்திருக்க வேண்டிய காலம் மட்டும் வேறுபடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அவ்விதியைப் படியுங்கள். இசைவு இருப்பின் தவறாது பயன்படுத்துங்கள்.

நாம் கற்றது பிறர் ஆய்வால். நம் ஆய்வும் பிறர்க்குச் சென்று சேர்தல் வேண்டும்.